நல்ல மீனைத் தேடி வாங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வாங்குகிறவர் மனத்தில் எத்தனை சந்தேகங்கள் எழுந்தாலும் அவை கடைசியில் இரண்டில் வந்து முடியும். மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று, அந்த நேரம் முழுவதும் அது எவ்வளவு குளிர்ச்சியில் கிடந்தது என்பவையே அவை. முதலாவதற்கு விற்பவர் வாயால் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு மீனைத்தான் கேட்க வேண்டும்.

‘இன்று காலை பிடித்தது’ என்றால் அது புதிய மீன்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐஸில் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் கிடக்கும் மீன் ஒரு நாளில் கெடும் அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 5 டிகிரியில் அது இரண்டே கால் மடங்காகவும், 10 டிகிரியில் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் உயர்கிறது. அதாவது 10 டிகிரியில் ஒரு நாள் கிடந்த மீன், ஐஸில் நான்கு நாள் கிடந்த மீனுக்குச் சமம். வெயிலில் கூடையில் கிடந்த மீனின் கணக்கு இதைவிட மோசம். ஆகவே பிடித்த உடனேயே ஐஸில் புதைக்கப்பட்டு மூன்றாம் நாள் கைக்கு வரும் மீன், காலையில் பிடித்து மதியம்வரை திறந்த பலகையில் காய்ந்த மீனைவிட நல்ல மீனாக இருப்பதில் வியப்பில்லை.

ஆடு, கோழி இறைச்சியைவிட மீன் விரைவாகக் கெடுவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த நீரில் வாழும் உயிரினத்தின் உடலில் இருக்கும் நொதிகளும் பாக்டீரியாக்களும் குளிரிலேயே வேலை செய்யப் பழகியவை. மீனின் சதையைப் பிணைத்து வைக்கும் திசுவும் மிகக் குறைவு. இதனால்தான் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அறை மீனுக்குப் போதுமான குளிர்ச்சியைத் தருவதில்லை.

முழு மீனை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

முதலில் மூக்கு, பிறகு செவுள், பிறகு வயிறு, பிறகு விரல், கடைசியாகக் கண் என்பது என் வரிசை. பலர் கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடித்துவிடுகிறார்கள்.

மீனைக் கையில் எடுத்து, செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் இழைகள் இரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, ஒன்றோடொன்று ஒட்டாமல் சீப்புப் பற்களைப் போலத் தனித்தனியாக இருக்க வேண்டும். அவற்றின் மேலுள்ள வழுவழுப்பு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். நாள் ஆக ஆக இரத்தத்தின் செந்நிறம் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமாகும். வழுவழுப்பு பால் கலந்த நீரைப் போலக் கலங்கி, இழைகள் ஒட்டிக்கொள்ளும். முகர்ந்து பார்க்கவும் செவுளே தக்க இடம். உடலின் வேறு எந்தப் பகுதியையும்விடக் கெட்ட வாடை அங்கேதான் முதலில் தெரியும். செவுளை அகற்றிவிட்டு விற்கப்படும் மீனில் இந்தச் சாட்சியே இல்லாமல் போகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது வயிறு. இரை தின்றுகொண்டிருக்கும்போது பிடிபட்ட மீனின் குடலில் செரிமான நொதிகள் நிறைந்திருக்கும். மீன் இறந்தபின் அவை குடலையும் வயிற்றுச் சுவரையும் தின்னத் தொடங்குகின்றன. மத்தி போன்ற சிறு மீன்களின் வயிறு சில மணி நேரத்திலேயே இளகி வெடிப்பது இதனால்தான். வயிற்றை இரு விரல்களுக்கு இடையே மெல்ல அழுத்தினால் உறுதியாக இருக்க வேண்டும். மலத்துவாரம் பிதுங்கி நிறம் மாறியிருந்தால் அந்த மீனை வைத்துவிடுங்கள். ஒரு முறை கண்ணும் செதிலும் பளபளத்த மீன் ஒன்றை ஆசையோடு வாங்கிவந்து வீட்டில் பிளந்தபோது, விலா முட்கள் சதையை விட்டுக் கழன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அன்று நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

முதுகின் தடித்த சதையை விரலால் அழுத்தி எடுக்கும்போது குழி உடனே மேலெழும்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் சதை தளர்ந்துவிட்டது என்று பொருள். செதில்கள் தோலோடு இறுகப் பற்றியிருப்பதும், தோலுக்கு உலோகத்தின் மினுமினுப்பு இருப்பதும் நல்ல அறிகுறிகள். ஆனால் மத்தி போன்ற சில மீன்களின் செதில் கைபட்டாலே உதிரும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது.

கண் தெளிவாக இருந்தால் போதாதா?

கண் உதவும், ஆனால் எளிதில் ஏமாற்றும். புதிய மீனின் கண் புடைத்து, கரிய பாவை தெளிந்து இருக்கும். பழையதாகும்போது குழிந்து, பாவை வெளுத்துக் கலங்கும். ஆனால் நேரடியாக ஐஸ் உரசிக் கிடந்த கண், மீன் நன்றாக இருக்கும்போதே மங்கிப்போகும். ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்பட்ட மீனின் கண் அழுத்த மாற்றத்தால் அளவுக்கு மீறிப் பிதுங்கியிருக்கும். அப்படிப் பிதுங்கியிருப்பதைப் புதுமையின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணும் செவுளும் வெவ்வேறு கதை சொன்னால் செவுளை நம்புங்கள்.

மீன் கட்டை போல விறைத்திருக்கிறது. இது நல்லதா?

பெரும்பாலும் நல்லதே. இறந்த மீனின் தசைகளில் ஆற்றல் தீர்ந்ததும் உடல் விறைத்துக்கொள்கிறது. மீனின் வகை, அளவு, வெப்பநிலை, பிடிபடும்போது அது எவ்வளவு போராடியது என்பவற்றைப் பொறுத்து, இந்த விறைப்பு சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தொடங்கி, ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ நீடித்துத் தளர்கிறது. தலையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் வால் தொங்காமல் நிற்கும் மீன் இன்னும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. விறைப்பு இல்லாத மீன் கெட்ட மீன் என்று இதைத் திருப்பிச் சொல்லக்கூடாது. ஐஸில் இருந்து விறைப்புத் தளர்ந்த மீன் இன்னும் பல நாள் உண்ணத் தகுந்ததாகவே இருக்கும்.

நல்ல மீன் நாறவே கூடாதா? கெட்ட வாடையை எப்படிப் பிரித்தறிவது?

புதிய கடல்மீனில் கடற்பாசியையும் உப்புக் காற்றையும் நினைவூட்டும் மெல்லிய மணமே இருக்கும். நாம் ‘மீன் நாற்றம்’ என்று சொல்வது பிறகு உண்டாவது. கடலின் உப்பைச் சமாளிப்பதற்காகக் கடல்மீன்கள் தம் தசையில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற மணமற்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து ட்ரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். அது காரத்தன்மை உடையது என்பதால் எலுமிச்சைச் சாறோ புளியோ பட்டதும் ஆவியாகாத உப்பாக மாறி வாடை அடங்கிவிடுகிறது. வாடை அடங்குவதால் கெட்ட மீன் நல்ல மீனாகிவிடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நன்னீர் மீன்களில் அந்தப் பொருள் மிகக் குறைவு. குளத்து மீனில் வரும் சேற்று வாடை கெட்டுப்போனதன் அடையாளமன்று. நீரில் வளரும் நீலப்பசும்பாசி வகைகளும் சில மண் நுண்ணுயிர்களும் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் உடலில் சேர்வதால் அது உண்டாகிறது. பிடித்த மீனைச் சில நாள் தெளிந்த ஓடுநீரில் உயிரோடு விட்டுவைத்தால் அந்த வாடை குறையும். சுறா, திருக்கை ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் தசையில் யூரியா நிறைந்திருப்பதால் சற்றே நேரமானாலும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இவ்வகை மீனை முகராமல் வாங்கவே கூடாது.

வெட்டி வைத்த துண்டுகளை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் சாட்சிகள் பாதி போய்விட்டன என்று தெரிந்தே வாங்க வேண்டும். செவுள் இல்லை, கண் இல்லை, வயிறு இல்லை. தோலும் உரிக்கப்பட்டிருந்தால் அது எந்த மீன் என்பதற்கே உறுதியில்லை. விலை குறைந்த வெண்சதை மீனை உயர்ந்த மீனின் பெயரில் விற்கும் மோசடி உலகெங்கும் அதிகம் நடப்பது தோலுரித்த துண்டுகளில்தான். தோலோடு கூடிய துண்டைக் கேட்டு வாங்குவது இதற்கு ஓரளவு காப்பு.

துண்டில் பார்க்க வேண்டியவை சில மிஞ்சியிருக்கின்றன. சதை ஓரளவு ஒளி ஊடுருவுவது போல ஈரப் பளபளப்புடன் இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல மங்கியிருக்கக்கூடாது. சதை அடுக்குகளுக்கு இடையே பிளவுகள் விழுந்திருந்தால் மீன் பழையது, அல்லது முரட்டுத்தனமாகக் கையாளப்பட்டது. நடுமுள்ளை ஒட்டிய இரத்தம் செந்நிறமாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா என்று பாருங்கள். வெட்டிய மீனில் இதைவிட நம்பகமான இடம் இல்லை. தட்டில் கலங்கிய நீர் தேங்கியிருந்தால் சதை தன் சாற்றை விட்டுவிட்டது என்று அர்த்தம். சூரை மீன் துண்டுகள் செர்ரிப்பழம் போல மிகையான சிவப்பில் இருந்தால் மயங்கிவிடக்கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயு ஏற்றப்பட்ட சதை நாள் கடந்தும் அந்த நிறத்திலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அந்த முறையை அனுமதிப்பதில்லை.

முழு மீனாகத் தேர்ந்தெடுத்து, எடை போட்டபின் கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்வதே எப்போதும் மேல்.

கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மீனைப் பார்க்கும் முன்பு ஐஸைப் பாருங்கள். நொறுக்கிய ஐஸ் மீனுக்கு அடியிலும் மேலும் இருக்க வேண்டும். உருகும் நீர் வடிந்தோட வழி இருக்க வேண்டும். அழகுக்காக ஐஸ் மேல் பரப்பி வைத்த மீனில், அடிப்பக்கம் பூஜ்ஜியத்திலும் மேற்பக்கம் கடையின் வெப்பத்திலும் கிடக்கிறது. அத்தகைய கடையில் மேலே உள்ளதை விட்டு, அடியில் புதைந்துள்ளதைக் கேளுங்கள். ஐஸ் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு: 30 டிகிரி வெப்பத்தில் உள்ள 1 கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏட்டுக் கணக்கில் 300 கிராம் ஐஸ் போதும், சுற்றிலும் உள்ள வெப்பம் தின்பதையும் சேர்த்தால், வெப்பமான ஊர்களில் மீன் எடைக்குச் சமமான ஐஸ் வேண்டும். ஒரு கைப்பிடி ஐஸைத் தூவிவிட்டுப் பெட்டி நிறைய மீன் வைத்திருப்பவர் கண்துடைப்புக்குத்தான் ஐஸ் வைத்திருக்கிறார்.

கடைக்குள் நுழைந்ததும் வாடை அடித்தால் திரும்பிவிடலாம். சரக்கு விரைவாகத் தீரும் கடை, நிறைய வகைகளைக் குவித்து வைத்திருக்கும் கடையைவிட நல்லது. ‘இன்று எது நன்றாக இருக்கிறது’ என்று கேட்கும்போது விற்பவர் ஒரு மீனைக் காட்டி மற்றொன்றை ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், அவரை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளரும் தம் பங்குக்கு, வீட்டில் முடிவு செய்த மீனையே வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், அன்று நன்றாக இருக்கும் மீனுக்கேற்பச் சமையலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஃபார்மலின் தடவிய மீனைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு வாயுவின் நீர்க்கரைசல். உடல்களைப் பதப்படுத்தப் பயன்படும் அதை உணவில் சேர்ப்பது குற்றம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வெறும் கண்ணால் அதை உறுதி செய்ய முடியாது. அறிகுறிகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது சந்தேகப்படலாம்: செவுள் வெளுத்து, கண் குழிந்து பழையது என்று காட்டும் மீனின் உடல் மட்டும் ரப்பர் போல இறுகி, எந்த வாடையும் இல்லாமல் இருந்தால் அது இயல்பன்று. ஈ மொய்க்காத மீனில் மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. ஐஸில் நன்கு மூடிய மீனிலும் ஈ மொய்ப்பதில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சோதனைத் தாளோ ஆய்வகமோதான் வழி. சில கடல்மீன்களின் சதையில் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே உண்டாகும் என்பதால், ஆய்வகம் அதன் அளவையும் பார்த்தே முடிவு சொல்லும்.

உறையவைத்த மீன் தாழ்ந்த சரக்கா?

இல்லை. பிடித்த சில மணி நேரத்தில் கப்பலிலேயே விரைந்து உறையவைக்கப்பட்ட மீன், ஒரு வாரம் அரைகுறைக் குளிரில் அலைந்த ‘புதிய’ மீனைவிடச் சிறந்தது. மெதுவாக உறைந்த மீன்தான் கெடுகிறது. பெரிய பனிப்படிகங்கள் சதையின் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போது சாறு வழிந்து சதை பஞ்சாகிவிடும்.

பொட்டலத்தினுள் பனித்தூள் கொட்டிக் கிடந்தாலோ, சாறு ஓரத்தில் வழிந்து உறைந்திருந்தாலோ, இடையில் ஒரு முறை உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. சதையில் வெண்மையான காய்ந்த திட்டுகள் இருந்தால் ஈரம் பறிபோய்விட்டது. மீன் காயாமலிருக்க மேலே பூசப்படும் மெல்லிய பனிப் பூச்சு நல்லதுதான். ஆனால் அந்த நீருக்கும் சேர்த்து விலை கொடுக்காமலிருக்க, பூச்சு நீங்கிய நிகர எடையைப் பார்த்து வாங்குங்கள்.

இறால், நண்டு, கணவாய், சிப்பி ஆகியவற்றுக்கும் இதே விதிகளா?

குளிர்ச்சி பற்றிய விதி ஒன்றே, அறிகுறிகள் வேறு. இறாலுக்குத் தலையில்தான் அழுகல் தொடங்கும், ஏனெனில் செரிமான உறுப்பு அங்கே இருக்கிறது. தலை உடலோடு இறுகியிருக்க வேண்டும். ஓடு வழுக்காமல், சதையோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையிலும் ஓட்டு விளிம்பிலும் தோன்றும் கறுப்பு, வெட்டிய ஆப்பிள் கறுப்பதைப் போன்ற நொதி வேலை. அதனால் மட்டும் கேடில்லை, ஆனால் நேரமாகிவிட்டதை அது காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கறுப்பைத் தடுக்க சல்ஃபைட் தூவும் வழக்கம் உண்டு; ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

நண்டை உயிரோடு வாங்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். அண்மையில் ஓடு கழற்றிய நண்டு பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் உள்ளே சதைக்குப் பதில் நீர்தான் இருக்கும். கணவாயின் தோல் புள்ளிகள் தெளிவாக மினுங்க, உட்சதை தந்த நிறத்தில் இருக்க வேண்டும். சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழையது. சிப்பிகள் வாய் மூடியிருக்க வேண்டும். திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாதது செத்தது, அதை எறிந்துவிடுங்கள்.

வளர்ப்பு மீனா, கடல் மீனா? சினை மீனை வாங்கலாமா?

வளர்ப்பு என்பதாலேயே மட்டமானதும் இல்லை, கடல் என்பதாலேயே உயர்ந்ததும் இல்லை. அறுவடைக்கு முன் இரையை நிறுத்திக் குடல் காலியான வளர்ப்பு மீன் கெடாமல் அதிக நாள் தாங்கும் என்பது அதன் பக்கத்து நன்மை. சுவையைப் பொறுத்தவரை மீனின் பருவமே முக்கியம். இனப்பெருக்கத்துக்கு முன்பு இரை தின்று கொழுத்திருக்கும்போது மீன் சுவையின் உச்சத்தில் இருக்கும். முட்டை வளர வளரக் கொழுப்பும் சத்தும் சினைக்குப் போய்ச் சேரும். முட்டையிட்டு முடித்த மீனின் சதை மெலிந்து நீர்த்திருக்கும். சினையை விரும்புகிறவர் சினை மீனை வாங்கட்டும். சதைக்காக வாங்குகிறவருக்கு அது இழப்பு.

முழு மீன் வாங்கினால் எவ்வளவு சதை கிடைக்கும்?

தலை, குடல், முள், தோல் எல்லாம் போக, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கிடைக்கும். தலை பெரிதாக உள்ள மீனில் இன்னும் குறையும். துண்டின் விலையையும் முழு மீனின் விலையையும் ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டதும் முகம் சிவந்து அரித்தது. ஏன்?

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. குளிர்ச்சி தவறும்போது பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. உண்ட சில நிமிடங்கள் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, வயிற்றுப்போக்கு உண்டாகலாம்; சிலர் உண்ணும்போதே மிளகின் காரம் போன்ற சுவையை உணர்கிறார்கள். ஒரு முறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும், உறையவைத்தாலும் போகாது. கெட்ட வாடையும் வருவதற்கு முன்பே அது சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், இந்த வகை மீன்களை ஐஸ் இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை. மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

புதியதாக இருந்தாலும் தவிர்க்க வேண்டிய மீன்கள் உண்டா?

உண்டு. பேத்தை மீனின் நஞ்சு சமைப்பதால் நீங்காது. அதை வாங்கவே வேண்டாம். பவளப்பாறைகளில் வாழும் பெரிய வேட்டை மீன்கள் சிலவற்றில் பாசியிலிருந்து வரும் சிகுவாட்டெரா நஞ்சு சேரக்கூடும். அதற்கும் நிறமோ மணமோ சுவையோ இல்லை. சுறா, வாள்மீன் போன்று நெடுநாள் வாழும் பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்வதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் அவற்றைத் தவிர்த்து மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்பது நல்லது.

பச்சையாக உண்ண விரும்பினால்?

புதுமை மட்டும் போதாது, ஏனெனில் உயிருள்ள மீனிலும் புழுக்கள் இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தால் புழுக்கள் சாகும், பாக்டீரியாக்கள் சாகா.

வாங்கிய மீனை வீட்டில் எப்படி வைப்பது?

கடைசியாக வாங்க வேண்டிய பொருள் மீன். ஐஸ் போட்ட பையில் எடுத்து வாருங்கள். வெளியில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க விடக்கூடாது. வந்ததும் குடலையும் செவுளையும் அகற்றி, நடுமுள்ளை ஒட்டிய இரத்தத்தை விரலால் வழித்து, ஓடும் நீரில் விரைவாக அலசி, துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். துண்டுகளை நீரில் ஊறப்போடுவது சுவையைக் கரைத்துவிடும்.

மறுநாள் சமைப்பதானால், அடியில் துளைகளுள்ள தட்டில் மீனை மூடி வைத்து, மேலும் கீழும் ஐஸ் இட்டு, உருகும் நீர் வேறு பாத்திரத்தில் வடியும்படி குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஐஸ் இல்லாமல் 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். உறையவைப்பதானால் காற்றுப் புகாமல் சுற்றி, தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். கொழுப்பு மிகுந்த மீனை இரண்டு மூன்று மாதத்துக்குள்ளும், கொழுப்புக் குறைந்ததை ஆறு முதல் எட்டு மாதத்துக்குள்ளும் தீர்த்துவிட வேண்டும். உருக்கும்போது முந்தைய இரவே கீழ் அறைக்கு மாற்றி வைத்துவிட்டால், காலையில் சாறு அதிகம் வடியாத மீன் கைக்கு வரும்.